"நூறு போட்டிருக்கேன், பன்னிரண்டுகூட வரலை": இணைய வேகக் கணக்கில் எங்கே பிழை?

இலங்கை மலையகத்து ஹட்டனில் போன் திருத்துகிற, ரவுட்டர் பொருத்திக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. "லைன் சரியான ஸ்லோ" என்று வந்து நிற்பவர்களில் பலருக்கு லைனில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. ஒரு திரை ஓர் அளவையில் காட்டுகிறது, இன்னொரு திரை வேறோர் அளவையில் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனம் நொந்து வருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் றாத்தல் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு றாத்தல் அரைக் கிலோவுக்கும் குறைவு. பத்து றாத்தலை நிறுத்து வாங்கிக்கொண்டு பத்துக் கிலோ எங்கே என்று கேட்டால் தராசு என்ன செய்யும்?

கடைக்கு வரும் முறைப்பாடுகளையே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்களுடையதைத் தேடிப் போங்கள். போகும் முன் ஒரு வேலை: எண்ணை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது.

"100 பெக்கேஜ் எடுத்தேன், டவுன்லோட் 11லேயே நிக்குது"

கொட்டகலையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஒரு கையில் பெக்கேஜ் விபரம் அச்சடித்த தாள், மறு கையில் டவுன்லோட் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் படம். "நூறுக்குக் காசு கட்டுறேன் தம்பி, பன்னிரண்டுகூட வரலை. இதுக்கு அரைப்பேர்கூட போட முடியாது" என்றார். அரைப்பேர் என்றால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்.

தாளில் இருந்தது மெகாபிட். திரையில் இருந்தது மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட். லைன் விற்பவர்கள் எப்போதும் பிட்டில் விற்கிறார்கள். பைல் இறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பைட்டில் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது 'பி' சின்ன எழுத்தாக இருந்தால் பிட், பெரிய எழுத்தாக இருந்தால் பைட். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஓர் எழுத்தின் உயரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956இல் ஐபிஎம்மில் வேலை செய்த வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 'பைட்' என்ற சொல்லை உண்டாக்கியபோது, 'பிட்' என்று யாரும் தவறி எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே ஆங்கிலத்தில் 'ஐ' போட வேண்டிய இடத்தில் 'ஒய்' போட்டார். எழுத்தை மாற்றினார், குழப்பம் மாறவில்லை.

ஆகவே பெக்கேஜில் உள்ள எண்ணை 8ஆல் வகுங்கள். அடிக்கடி தேவைப்படுகிறவை இவை:

1 மெகாபிட் = செக்கனுக்கு 125 கிலோபைட்
4 மெகாபிட் = 500 கிலோபைட்
8 மெகாபிட் = 1 மெகாபைட்
20 மெகாபிட் = 2.5 மெகாபைட்
100 மெகாபிட் = 12.5 மெகாபைட்
300 மெகாபிட் = 37.5 மெகாபைட்

"சரி, அப்படின்னா 12.5 வரணுமே, ஏன் 11 சொச்சம்?" என்று அண்ணன் விடவில்லை. நல்ல கேள்வி. பைல் முழுதாக ஒரே வீச்சில் வருவதில்லை, சின்னச் சின்னப் பொதிகளாக வருகிறது. ஒரு பொதி வயரில் 1538 பைட் இடம் பிடித்தால், அதில் உங்கள் பைலுக்குரியது 1460 பைட்தான். மீதி விலாசமும் சரிபார்ப்பும் பொதிகளுக்கு நடுவில் விடும் இடைவெளியும். 100இல் சுமார் 95தான் சரக்கு. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பார்களே, அது போலத்தான். என்ன, இங்கே கழிவு எல்லோருக்கும் ஒன்று, கணக்கும் வெளியே தெரியும்.

அதற்கு மேல், விண்டோஸ் மெகாபைட் என்று எழுதிவிட்டு 1024 × 1024 பைட்டை ஒன்றாக எண்ணுகிறது. இந்த இரண்டு கழிவும் சேர்ந்தால் 100 மெகாபிட் லைனில் பைல் நகலெடுக்கும்போது திரையில் 11.3 தெரியும். அதுதான் முழு வேகம். நான் கடையில் வைத்திருக்கும் மனக்கணக்கு: உண்மையான மாற்றத்துக்கு 8ஆல் வகு, திரையில் என்ன தெரியப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல 9ஆல் வகு. அண்ணனின் 11 இப்போது சரியாக வந்துவிட்டது. வயரைத் தொடாமலேயே அனுப்பி வைத்தேன்.

"போன் மேல் பட்டையில 350 கேபி காட்டுது, இது போதுமா?"

இதைத் திருப்பிப் போட வேண்டும். 350 கிலோபைட்டை 8ஆல் பெருக்கினால் 2800 கிலோபிட், அதாவது 2.8 மெகாபிட். ஸூம் வகுப்புக்குத் தாராளம்.

ஆனால் அந்தப் பட்டை லைனின் வலிமையைக் காட்டுவதில்லை, இந்த நொடியில் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பும்போது அது 2 கேபி காட்டினால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பைப்பைக் கால்வாசி திறந்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று. சில ஆப்கள் பிட்டுக்குரிய எழுத்தைப் போட்டுவிட்டு பைட்டைக் காட்டும், சிலது இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதும். எழுத்தை நம்ப முடியாவிட்டால் கடிகாரத்தை நம்புங்கள். அளவு தெரிந்த ஒரு பைலை, உதாரணமாக 100 எம்பி பைலை, இறக்கி நேரம் பாருங்கள். 40 செக்கன் பிடித்தால் செக்கனுக்கு 2.5 மெகாபைட், எட்டால் பெருக்கினால் 20 மெகாபிட். இதற்கு ஆப்பே வேண்டாம்.

"இறக்க வேகமா இருக்கு, ஏத்தத்தான் விடிஞ்சிடுது"

தலவாக்கலைப் பக்கத்து டீச்சர் ஒருவர் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடம் வீடியோவாக எடுத்து ஏற்றுகிறார். ஒரு பாடம் 600 எம்பி. ஸ்பீட் டெஸ்ட்டில் 20 என்று வருகிறது, ஆனால் ஏற்ற நாற்பது நிமிடம் பிடிக்கிறது என்றார். அவரே கணக்கு டீச்சர் என்பதால் நான் சொல்லத் தொடங்கும் முன்பே பேனையை எடுத்துவிட்டார்.

600 மெகாபைட்டை 8ஆல் பெருக்கினால் 4800 மெகாபிட். 20ஆல் வகுத்தால் 240 செக்கன், நான்கு நிமிடம். "பத்து மடங்கு பிழைக்குதே" என்றார். ஸ்பீட் டெஸ்ட்டின் இரண்டாவது எண்ணைக் கேட்டேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. அங்கே 2 இருந்தது. 4800ஐ 2ஆல் வகுத்தால் 2400 செக்கன், சரியாக நாற்பது நிமிடம்.

ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் வேறு வேறு. பழைய டெலிபோன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் இது இன்னும் கடுமை. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் இறக்குவதற்கு 24 மெகாபிட் வரை போகும், ஏற்றுவதற்கு 1 மெகாபிட்டை ஒட்டித்தான். அந்த 24கூட டெலிபோன் நிலையத்துக்குப் பக்கத்திலே இருக்கிற வீட்டுக்குத்தான். கம்பி நீள நீள வேகம் இறங்கும். எங்கள் மலையில் நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது பாதை வளைந்து மூன்று கிலோமீட்டர், கம்பியும் பெரும்பாலும் பாதையோடுதான் போகிறது.

டீச்சருக்கு என்ன செய்தோம்? லைனை மாற்றவில்லை. வீடியோவைச் சின்னதாக்கினோம். கரும்பலகையும் கையும் மட்டுமே தெரியும் படத்துக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு? 150 எம்பிக்குக் கொண்டுவந்ததும் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

"300 லைன், ஆனா எத்தனை தரம் பார்த்தாலும் 94"

இது அளவைப் பிழை இல்லை, உண்மையான கோளாறு. இதைக் கண்டால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஏனென்றால் திருத்த முடியும்.

வேகம் 60, 75, 82 என்று ஆடினால் காரணம் பல இருக்கலாம். ஆனால் காலை, பகல், இரவு எப்போது பார்த்தாலும் 94 அல்லது 95இல் ஆணியடித்தது போல நின்றால், ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு ஒன்று இருக்கிறது. மேலே பார்த்தோமே, 100இல் சரக்கு சுமார் 95.

நெட்வொர்க் வயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு சோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். மிச்ச இரண்டு சோடியில் ஒரு கம்பி அறுந்தால் லைன் முழுதாகச் சாவதில்லை, இரு பக்கமும் பேசி 100க்கு இறங்கிக்கொள்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது, இன்டர்நெட் ஓடும், அதனால் யாரும் வயரைச் சந்தேகிப்பதில்லை.

நுவரெலியாவில் ஒரு தங்குவிடுதியில் இப்படித்தான் பெக்கேஜை இரண்டு தடவை கூட்டியும் 94ஐத் தாண்டவில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மேலுறை கிழிந்து செம்பு பளபளத்தது. குளிருக்கு உள்ளே வந்த எலியின் வேலை. செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் தப்பியிருந்தன, நீலம் அறுந்திருந்தது. வழக்கமான நிற வரிசையில் செம்மஞ்சளும் பச்சையும்தான் 100க்கு வேண்டிய இரண்டு சோடி. நீலமோ கபிலமோ போனால் 94இல் நிற்கும். செம்மஞ்சளோ பச்சையோ போனால் மொத்தமாகவே படுத்துவிடும். புது வயர் போட்டதும் 280ஐத் தாண்டியது.

வயர் நன்றாக இருந்தால் ரவுட்டரின் துளையைப் பாருங்கள். மலிவான ரவுட்டர்களில் வயர் துளையே 100 மெகாபிட்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 என்று போட்டிருப்பார்கள். அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிச் சொன்ன எண். அந்த 1200 ஒருபோதும் உங்கள் கைக்கு வராது.

"ராத்திரி போட்ட டேட்டா விடிய முன்னே முடிஞ்சிட்டு"

வேகத்தை நேரத்தால் பெருக்கினால் அளவு. செக்கனுக்கு 1 மெகாபிட் ஒரு மணித்தியாலம் ஓடினால் 450 மெகாபைட். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பெருக்கல்தான். 5 மெகாபிட்டில் ஓடும் படம் மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி. இரண்டரை மணித்தியாலப் படம் என்றால் ஐந்தரை ஜிபிக்கு மேல். 128 கிலோபிட் பாட்டு நிமிடத்துக்கு 1 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டாலும் டேட்டா முடியாது.

லைன் ஸ்லோவா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப ஸ்பீட் டெஸ்ட் போடுகிறவர்கள் கவனிக்க: 100 மெகாபிட்டில் பத்து செக்கன் இறக்கினால் 125 எம்பி போய்விடும், ஏற்றுவது தனி. ரீலோட் போட்ட 1 ஜிபியை எட்டுத் தடவை சோதித்தே தீர்த்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னோர் அறிகுறி: வேகம் கூடாமல் குறையாமல் 16 கேபியில் நிற்பது. அது பெரும்பாலும் பெக்கேஜ் அளவு முடிந்து 128 கிலோபிட்டுக்கு இறக்கிவிட்டதன் அடையாளம். 64 கிலோபிட்டுக்கு இறக்கினால் 8 கேபி. 3 எம்பி போட்டோ ஒன்று 16 கேபியில் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

"64 ஜிபி பென்ட்ரைவ், உள்ளே 59தான் இருக்கு. ஏமாத்திட்டானா?"

இல்லை. செய்தவர் 1 ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணினார், விண்டோஸ் 1,073,741,824 பைட்டாக எண்ணுகிறது. 64 என்பது அங்கே 59.6. கிலோவில் 2.4 சதவீதமாகத் தொடங்கும் வித்தியாசம் மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் 10 என்று வளர்கிறது. இந்த 1024 கணக்குக்கு 1998இலேயே கிபி, மெபி, ஜிபி என்று தனிப் பெயர் வைத்தார்கள். மூன்றாவது பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் நமக்குப் புதுக் குழப்பம்தான். லைன் வேகத்தில் மட்டும் இந்தத் தகராறு கிடையாது, அங்கே மெகா என்றால் எப்போதும் பத்து இலட்சம்.

யூஎஸ்பி 2இல் 480 என்று இருப்பதும் மெகாபிட்தான். கணக்குப்படி 60 மெகாபைட், கைக்கு வருவது முப்பது நாற்பது. மலிவான பென்ட்ரைவ் என்றால் எழுதும்போது பத்தைக்கூடத் தொடாது.

"தராசிலிருந்து கணினிக்குக் கிறுக்கல் கிறுக்கலா வருது"

இன்டர்நெட் இல்லை, ஆனாலும் வேக அளவை விடயம்தான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு கொழுந்து மடுவத்தில் மின்தராசைக் கணினியோடு இணைத்திருந்தார்கள். கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: நிறை வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கட்டங்களும்.

இந்தத் தராசுகள் பழைய சீரியல் வயரில் பேசும். அங்கே வேகத்தை இரு பக்கமும் முன்கூட்டியே ஒரே எண்ணில் வைக்க வேண்டும், தானாகப் பேசித் தீர்த்துக்கொள்ளாது. தராசு 2400இல் பேசியது, கணினி 9600இல் கேட்டது. தராசின் மெனுவில் ஒரு எண்ணை மாற்றினேன், எல்லாம் தெளிந்தது.

வேகத்தை மாற்றிய பிறகும் சில எழுத்து மட்டும் பிழைத்தால் இன்னொரு தடயம் இருக்கிறது. 0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கலானால், தராசு ஏழு பிட்டும் இரட்டைச் சரிபார்ப்புப் பிட்டும் அனுப்புகிறது, கணினி அதை எட்டுப் பிட்டாகப் படிக்கிறது. கணினிப் பக்க அமைப்பில் இரண்டையும் மாற்றினால் தீர்ந்தது.

இங்கே 8ஆல் வகுக்காதீர்கள். ஓர் எழுத்தின் எட்டுப் பிட்டுக்கு முன்னால் தொடக்கப் பிட் ஒன்று, பின்னால் முடிவுப் பிட் ஒன்று, ஆக மொத்தம் பத்து. 9600 என்றால் செக்கனுக்கு 960 எழுத்து. 16 எழுத்துள்ள நிறை வரி ஒன்று செக்கனுக்கு அறுபது தடவை வரலாம். 2400இல்கூட பதினைந்து தடவை. கூடையை வைத்து எடுக்கும் வேகத்துக்கு அதுவே போதும், ஆகவே தராசு 'ஸ்லோ' என்று யாராவது சொன்னால் வயரைக் குறை சொல்ல வேண்டாம்.

"மிஸ்ட் இறங்கினா சிக்னல் போயிடுது"

மலையில் எல்லோரும் சொல்வது, நானும் சிறுவயதில் நம்பியது. 4ஜி அலைகள் பெரும்பாலும் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை, பனிமூட்டம் அவற்றை ஒன்றும் செய்யாது. 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் டிஷ் டீவிதான் கடும் மழையில் படம் உடையும். பனி இறங்கும் நேரமும் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனை எடுக்கும் நேரமும் ஒன்றாகிப் போனதுதான் விடயம். கோபுரம் ஒன்று 40 மெகாபிட்டைப் பங்கிடுகிறது என்று வையுங்கள். இருபது வீட்டில் ஒரே நேரம் படம் ஓடினால் ஆளுக்கு 2. முகடு ஒன்று குறுக்கே இருந்தால் அதற்கும் குறையும். ரவுட்டரைக் கோபுரம் தெரியும் பக்கத்து யன்னலில் வைத்துப் பாருங்கள், பல லயன் வீடுகளில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் குறைவு

அளவை ஒன்றாக்கி, வயர் போட்டு, டேட்டா மீதியும் பார்த்த பிறகும் குறைந்தால் அப்போது கம்பெனிக்கு அடியுங்கள். "ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். இப்படி எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்:

"100 மெகாபிட் இணைப்பு. வைஃபை இல்லை, வயரில் சோதித்தேன். மூன்று நாளும் காலை 6.30க்கு 92 மெகாபிட், இரவு 8.30க்கு 9 மெகாபிட். வேறு கருவி எதுவும் ஓடவில்லை. முறைப்பாட்டு இலக்கம் தாருங்கள்."